சந்தைத் திடலில் வைத்த பம்பு

பம்பின் கைப்பிடி முதல் தடவை கீழே இறங்கியபோது எழுந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. எண்ணெய் காணாத இரும்பு. வயதான மனுஷர் இருமுவது போல ஒரு கரகரப்பு. பூந்தமல்லி சந்தைத் திடலில், யூனியன் ஆபீசுக்கு எதிரே, புளியமரத்துக்குச் சற்றுத் தள்ளி அது நின்றது. கைப்பிடியைப் பிடித்திருந்தவர் என் அண்ணி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் கலெக்டர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கவர்னரின் சவாரி போவதைச் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் காலை வேளையில் அண்ணியைப் பார்த்து எனக்கு உண்டான மலைப்பு வேறு யாரைப் பார்த்தும் உண்டானதில்லை.

மகாராணி விக்டோரியாவின் ஆட்சிக்காலம் அது. எங்கள் ஊருக்கு யூனியன் சபை வந்து அதிக காலம் ஆகவில்லை. நான் அதில் ரைட்டராக இருந்தேன். கூட்டத்துக்கு ஓலை அனுப்புவது, பேசியதை இங்கிலீஷில் எழுதி வைப்பது, விளக்கேற்றுகிறவனுக்கு மண்ணெண்ணெய் அளந்து கொடுப்பது எல்லாம் என் வேலை. ஓட்டுக்கூரை போட்ட ஒரே அறைதான் ஆபீஸ். சுவரில் மகாராணியின் படம். அதன் கீழே நாலைந்து நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்து ஊர்ப் பெரியவர்கள் பேசிய சங்கதிகளை இன்று சொன்னால் சிரிப்பீர்கள். தெருவில் திரியும் பன்றிகளை யார் பிடிப்பது, செத்த மாட்டை எவ்வளவு தூரத்தில் புதைப்பது, சந்தை நாளில் வண்டிகளை எங்கே அவிழ்த்து விடுவது. ஆனால் அதுவரை தாசில்தார் சொன்னதைக் கேட்டே பழகிய ஊர், முதன்முதலாகத் தன்னைப் பற்றித் தானே பேசியது அந்த அறையில்தான். பன்றியைப் பற்றிய பேச்சாயிருந்தாலும் எனக்கு அது பெரிய காரியமாகவே தோன்றியது.

சபையின் சேர்மன் தாசில்தார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். என் அண்ணன் ஒரு மெம்பர். எங்களுக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன் சொல்லுக்குப் பெரிய தெருவில் மறுசொல் கிடையாது. இன்னொரு மெம்பர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்து பென்ஷன் வாங்கியவர், கிறிஸ்தவர். எல்லோரும் அவரை டிரஸ்ஸர் ஐயா என்போம்.

அண்ணி செம்பரம்பாக்கத்துப் பெண். ஏரிப் பாசனத்துக் குடும்பம். தாய் தகப்பன் இல்லாத எனக்கு அவர் கையால்தான் சோறு. கூட்டம் முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும், இலையைப் போட்டுவிட்டு, "இன்னிக்கு சபையிலே இன்னா பேசினீங்கோ?" என்று கேட்பார். வேடிக்கைக்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் புதிதாக வந்த தெருவிளக்கைச் சத்திரத்து வாசலில் வைக்க முடிவு செய்திருப்பதைச் சொன்னேன். அண்ணி குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"சத்திரத்துக்கு எதுக்கு? அங்கே ராவும் பகலும் வெளக்கு எரிஞ்சிகினுதான் கீது. கொளத்துப் படியிலே வெக்கச் சொல்லு. விடியறதுக்கு முன்னே தண்ணிக்குப் போறவங்க நாங்க. பாசியிலே வழுக்கி விழறவங்களும் நாங்க."

மறுநாள் சேர்மனிடம் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். என் அண்ணி என்றேன். அவர் தலையை ஆட்டினார். விளக்கு குளத்துப் படிக்குப் போயிற்று. அந்தப் பக்கம் போய் வந்த பிறகு அண்ணியின் முகத்தில் ஒரு களை இருந்தது.

அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது. வீட்டுக் கிணறுகள் எல்லாம் உப்பு. குளத்திலேயே துணி துவைப்பார்கள், மாடு குளிப்பாட்டுவார்கள். கோடையில் நீர் வற்றிப் பச்சை பூத்து நிற்கும்போது வாந்திபேதி வரும். மழை வருவது போல, காற்று வருவது போல அதுவும் வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். டிரஸ்ஸர் ஐயா மட்டும் அப்படி நினைக்கவில்லை. சந்தைத் திடலின் மேட்டில் நல்ல தண்ணீர் ஊற்று இருப்பதைக் கண்டு, அங்கே ஆழமாகக் கிணறு வெட்டி, வாயைக் கல்லால் மூடி, இரும்புப் பம்பு வைக்க வேண்டும் என்று சபையில் கேட்டார். "மூடின கிணத்துத் தண்ணி குடிச்ச பட்டாளத்திலே நோய் கொறைஞ்சதை நான் கண்ணாலே பார்த்தேன்" என்றார்.

அண்ணன் எழுந்தார். பம்புக்குள்ளே தோல் வளையம் இருக்கிறது, தோல் பட்ட தண்ணீரை எங்கள் தெரு குடிக்காது என்றார். அதைவிட முக்கியமானதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லாச் சாதிக்காரனும் ஒரே கைப்பிடியைத் தொடுவான். அதுக்கு நாங்க ஒத்துக்கமாட்டோம்." மெம்பர்கள் இரண்டு பக்கமாகச் சரிபாதியாகப் பிரிந்தார்கள். சேர்மன் தம் ஓட்டைப் பம்புக்குப் போட்டார்.

கிணறு வெட்டி, பம்பும் வந்து நின்றது. ஒருவரும் வரவில்லை. பெரிய தெரு வராது என்று தெரியும். சேரியிலிருந்தும் யாரும் வரவில்லை, வந்தால் என்ன நடக்குமோ என்ற பயம். கடைக்காரர்கள் அதற்கு 'தொரை வெச்ச சாமி' என்று பேர் வைத்தார்கள். ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. கைப்பிடியில் துரு ஏறியது. பம்பைக் கழற்றி, வேண்டிய ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அண்ணன் அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொடுத்தார். ஊர் மனநிலை இருந்த இருப்பில் சேர்மனாலும் அதைத் தடுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்குள் வாந்திபேதி வந்துவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுக்கு அந்தத் தை மாதம்தான் மருமகளாக வந்திருந்தாள் ஒரு பெண். வானகரத்துப் பெண். அண்ணியிடம் ஒட்டிக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று சுற்றிவருவாள். காலையில் குளத்துக்குப் போய் வந்தவள் மத்தியானம் படுத்தாள். அவள் மாமியாரே கிட்டே போகப் பயந்தபோது அண்ணி போய் உட்கார்ந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீர், தண்ணீர் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். குடத்திலிருந்த குளத்துத் தண்ணீரையே சங்கில் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார் அண்ணி. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தலை முழுகிவிட்டு வந்த அண்ணி ஈரத் தலையோடு என்முன் வந்து நின்றார்.

"டிரஸ்ஸர் ஐயா சொன்னது நெசமா? நோய் கொளத்துத் தண்ணியிலேதான் கீதா?"

"அவர் ஆஸ்பத்திரியிலே கூடவே இருந்து பார்த்தவர், அண்ணி. பொய் சொல்லமாட்டார்."

"அப்போ நான் அந்தப் பொண்ணுக்கு வாயிலே ஊத்தினது இன்னாடா?"

பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

தீர்மானம் வரவேண்டிய கூட்டம் காலையில் கூடுவதாக இருந்தது. சந்தை நாள், திடலில் கூட்டம். மெம்பர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தபோது, பெரிய தெருப் பக்கமிருந்து அண்ணி வந்தார். இடுப்பில் பித்தளைக் குடம். பின்னால் அவருடைய மகள்கள் இரண்டு பேரும். பெரியவள் வயதுக்கு வந்தவள், மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். நேரே பம்பிடம் போய்க் குடத்தை வைத்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் சந்தை நாளில் திடலைக் குறுக்கே கடந்துகூடப் போனதில்லை.

கைப்பிடி முதலில் இறங்கவில்லை. இறங்கியபோது காற்றுத்தான் வந்தது. பிறகு செம்மண் நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. யாரோ சிரித்தார்கள். அண்ணி நிறுத்தவில்லை. தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. கண்ணாடி போலத் தெளிந்த பிறகு, ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையைக் குவித்து ஏந்திக் குடித்தார். மகள்களைக் கூப்பிட்டு அவர்களையும் குடிக்க வைத்தார். அதற்குள் திடலில் பேரம் பேசுகிற சத்தம் அடங்கிப்போயிருந்தது.

அண்ணன் ஆபீஸ் படியிறங்கிப் போனார். கூட்டம் வழி விட்டது. "இன்னா செய்யறே நீ? தோலு பட்ட தண்ணி அது" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார். ஆனால் திடல் முழுவதற்கும் கேட்டது.

"நம்ப கழனியிலே மாடு கட்டிக் கவலை எறைக்கறோமே, அந்தச் சாலுக்குத் தண்ணி ஊத்தற வாலு எதுலே தெச்சிக்கீது? தோலுதானே. அந்தத் தண்ணியிலே வெளைஞ்ச நெல்லைத்தானே சாமிக்குப் படைக்கறோம். ஏர் ஓட்டிட்டு வந்து அந்தச் சால் தண்ணியையே நீங்களும் கையேந்திக் குடிக்கறீங்க. நான் பார்த்துக்கீறேன்."

அண்ணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். உழவர்கள் நிறைந்த கூட்டம் அது. அவர்களும் அந்தச் சால் தண்ணீரைக் குடித்தவர்கள்தான்.

அதோடு நின்றிருந்தால் ஊர் அதைப் புருஷன் பெண்சாதி விவகாரம் என்று விட்டிருக்கும். கூட்டத்துக்கு வெளியே, எட்டத்தில், மண்குடத்தோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சேரிப் பெண். குளத்திலும் அவள் அப்படித்தான் நிற்பாள், யாராவது மொண்டு ஊற்றும் வரைக்கும். அண்ணி அவளைப் பார்த்தார். தம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பம்பை விட்டு ஓரமாக நகர்ந்தார்.

"எம்மா நேரம் நிப்பே? வந்து புடி. எனக்குக் கை வலிக்குது."

கோபமோ கருணையோ அந்தக் குரலில் இல்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவது போல இருந்தது. அந்தப் பெண் அசையவில்லை. அண்ணனைப் பார்த்தாள். எல்லோரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று அங்கே ரத்தம் சிந்தியிருக்கும், எனக்கு அதில் சந்தேகமில்லை. அண்ணன் பெண்சாதியின் முகத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பிப் படியேறி உள்ளே வந்து தம் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே கைப்பிடி மறுபடி இரைந்தது. அண்ணி பிடித்தபோது வந்ததைவிட வேகமான இரைச்சல்.

சேர்மன் கூட்டத்தைத் தொடங்கினார். பன்றி விவகாரம் முடிந்தது, மண்ணெண்ணெய் விவகாரம் முடிந்தது. "உங்க தீர்மானம்?" என்று அண்ணனைக் கேட்டார். ஜன்னல் வழியே பம்புச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"இப்ப வேணாம், விடுங்க" என்றார் அண்ணன்.

அந்த வருஷம் நோய் எங்கள் ஊரைத் தொடாமல் போயிற்று என்று சொல்லமாட்டேன். குளத்தை விடாதவர்கள் இருந்தார்கள், சாவும் இருந்தது. ஆனால் பெரிய தெருவிலிருந்து முதலில் வேலைக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் குழந்தைகள், கடைசியில் அந்த வானகரத்துப் பெண்ணின் மாமியாரே குடத்தோடு வந்தாள். அதற்கான விலையை அண்ணி கொடுத்தார். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. கோவில்பதாகையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அண்ணிக்குத் தனியாக இலை போட்டார்கள். நான் எழுந்து வந்துவிடலாம் என்றேன். அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்த்தான் நடந்தது, நல்ல இடத்தில்.

இப்போது எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண்களும் மெம்பராக வருகிறார்கள். போன மாதம் ஆபீஸ் பக்கம் போனபோது, ஓர் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, ஆண்கள் நடுவே, குழாய் எந்தத் தெருமுனையில் வரவேண்டும் என்று விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று வெகுநேரம் கேட்டேன். மகாராணியின் படம் இருந்த இடத்தில் கடிகாரம் தொங்குகிறது. எங்கள் காலத்தில் அந்த அறைக்குள் அண்ணி ஒருநாளும் நுழைந்ததில்லை.

ஆனாலும் நினைக்க நினைக்க எனக்குப் பெரிதாகத் தெரிவது திடலில் அவர் நின்ற அந்தக் காலை அல்ல, அதற்குப் பிறகு வந்த மாதங்கள். அண்ணன் அவரோடு பேசவில்லை. பம்புத் தண்ணீரையும் தொடவில்லை. அண்ணி அவரை வற்புறுத்தவில்லை, அழவில்லை, சாடையாக ஒரு சொல் சொல்லவில்லை. தமக்கும் எங்களுக்கும் பம்பிலிருந்து கொண்டு வருவார். மறுபடி குளத்துக்குப் போய் அண்ணனுக்கென்று ஒரு குடம் கொண்டு வந்து, துணியில் வடிகட்டி, கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்துத் தனித் தவலையில் மூடி வைப்பார். டிரஸ்ஸர் ஐயா சொல்லிக் கொடுத்த பக்குவம் அது. மழை நாளில் விறகு ஈரமாயிருந்து புகைந்தாலும் ஒருநாள்கூட அது தவறியதில்லை. அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்திருக்கும்.

அறுப்புக் காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் அண்ணன் களத்திலிருந்து வெயிலோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி வழக்கம்போலச் சொம்பைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். அண்ணன் அதை எடுக்கவில்லை.

"இது என் தவலைத் தண்ணியா?" என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அண்ணியிடம் அவர் நேரே பேசிய முதல் பேச்சு.

"ஆமாம். காய்ச்சினது."

"வேணாம். புள்ளைங்க குடிக்கறதையே குடு."

அண்ணி சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வருவதற்குச் சற்று நேரமாயிற்று. வந்து நீட்டினார். அண்ணன் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, சொம்பைத் திரும்பவும் அவரிடமே நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.