பூசையில் வைத்த பின்னம்

ஏட்டிலும் ஈயத்திலும் எழுந்தருளும் வெண்டாமரைச் செல்வியின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். இன்று புரட்டாசி வளர்பிறை நவமி, கலைமகள் பூசை நன்னாள். இதே நாளில், என் பத்தாவது வயதில், செங்கல்பட்டு அச்சுக்கூடம் ஒன்றில் நான் செய்த காரியத்தை இங்கே எழுதுகிறேன்.

என் தாய்மாமன் அங்கே அச்சுக்கோப்பவர். கை ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்க, வாய் பதிகம் பாடிக்கொண்டிருக்கும். பொய் சொல்ல அறியாதவர். ஆகையால், பெண் பார்க்கப் போகும் வீடுகளுக்கு அவரை எங்கள் குடும்பத்தார் அழைத்துச் செல்வதில்லை.

அந்த ஆண்டு சதுரங்கப்பட்டினத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கான சூத்திர நூலொன்றை அச்சிடக் கொடுத்திருந்தார். பின்னம் கோப்பது பெரும்பாடு. சிறிய எழுத்தில் மேலே ஒரு சொல், நடுவே மெல்லிய பித்தளைக் கோடு, கீழே ஒரு சொல். மயிரிழை விலகினாலும் தாளில் கோணும். மூன்று முறை திருத்தம் போட்ட வாத்தியார், "இன்னொரு தப்பு கண்ணுல பட்டுது, மெட்ராஸுக்கு எடுத்துகினு போய்டுவேன்" என்று எச்சரித்திருந்தார். நான்காவது மெய்ப்பு பிழையின்றி வந்தது, கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

கடைசிப் பக்கத்துக்குக் கோத்த எழுத்துகளை நூல் சுற்றிக் கட்டி, குங்குமமிட்டு, தட்டோடு பூசையில் வைத்தார்கள். பூசையில் ஏறிய எழுத்தை விசயதசமி காலைவரை எவரும் தீண்டலாகாது. மறுநாள் அதிலிருந்துதான் முதல் தாள்.

எல்லாரும் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தபோது நான் தட்டருகே நின்றேன். அச்சுக்கோப்பவர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். மாமாவைப் பார்த்து அப்படியே படிக்கப் பழகியிருந்தேன். ஆனால் ஒற்றை வரிகளை மட்டுமே. 'வேகம்' என்ற சொல்லுக்கு எதிரே, கோட்டுக்கு மேல் 'நேரம்' கிடந்தது; கீழே 'தூரம்' கிடந்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால்தானே வேகம்! தலைகீழாய்ப் பார்க்கையில் மேலே இருப்பது தாளில் கீழே விழும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. மாமா பிழை செய்துவிட்டார், நாளை எல்லார் முன்பும் அகப்படப் போகிறார் என்று அஞ்சினேன். தெய்வக் குற்றம் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். மாமா பக்கம் சாய்ந்தேன். நகத்தால் எழுத்துகளைக் கிள்ளியெடுத்து இரண்டு சொற்களையும் இடம் மாற்றினேன். கடைசி எழுத்து உட்காரவும் வெளியே காய் சிதறவும் சரியாக இருந்தது.

விடிந்ததும் முதல் தாளை வாத்தியாரே கையில் வாங்கினார். கண் ஓரிடத்தில் நின்றது.

"இன்னாய்யா இது? நேரத்த தூரத்தால வகுத்தா வேகமா? உங்க ஊரு பஸ்ஸு அப்டித்தான் ஓடுதா?"

அச்சுக்கூட முதலாளி தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "புரூப்புல கரீட்டா இருந்துச்சே சார்! டேய், பூஜைல வெச்சத எவன்டா தொட்டது?"

மாமா தட்டின்மேல் குனிந்தார். குங்குமம் கலைந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"நான்தான் மொதலாளி. தப்பா கீதுன்னு தோணிச்சி, மாத்திட்டேன்."

"நீயா? நாள் முயுக்க சாமி பாட்டு பாடிகினு கீறியே, நீயா?"

மாமா தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டே நிமிடத்தில் பின்னத்தைச் சரியாக்கினார், வாத்தியாரும் தணிந்தார். முதலாளி தணியவில்லை. பிழையைப் பொறுத்திருப்பார், பூசையில் வைத்ததைத் தீண்டியதைப் பொறுக்க அவரால் முடியவில்லை. "இனிமே கணக்கு பொஸ்தகம் உன் கைக்கு வராது. கல்யாணப் பத்திரிகைய கட்டிகினு கெட" என்றார். அந்தச் சொல் கடைசிவரை மாறவில்லை.

வீடு திரும்பும் வழியில் மாமா முன்னே நடந்தார். எனக்கோ வேறொரு கவலை. நான் ஒருமுறை இடம் மாற்றினேன். மாமாவும் ஒருமுறை மாற்றியதாகச் சொன்னார். இருமுறை மாறிய பின்னம் பழையபடி சரியாகியிருக்க வேண்டுமே! சிலேட்டில் எழுதி, அழித்து, மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது; தாளில் மட்டும் ஏன் தவறாய் விழுந்தது? மாமாவின் சொல்லை ஐயுற எனக்குத் தெரியவில்லை. ஆகவே பல நாள் கணக்கையே ஐயுற்றுக்கொண்டிருந்தேன்.

இதைப் படிப்போர் அனைவர்க்கும் கலைமகள் தெளிந்த கல்வியும், துணைநிற்கும் சுற்றமும், நீங்காத நலமும் அருள்க.