சூசையம்மா சொன்ன ஒன்றரை வருசம்

கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆற்றைப் பார்த்த வீட்டு வரிசையான லயத்தின் கடைசிக் காம்பராவில் சூசையம்மா இருந்தாள். கொழுந்து பறிப்பவள். புருஷன் ராயப்பன் நாற்பத்தேழாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே பிள்ளை ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே இறந்துபோயிருந்தது. அந்த லயத்தில் வேதக்காரர் வீடு அவளுடையது ஒன்றுதான்.

பக்கத்துக் காம்பராவில் காளியாயி, அவள் புருஷன் ஆண்டியப்பன், மூன்று பிள்ளைகள். இரண்டு காம்பராக்களுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரைவரை எட்டாது. அதனால் இருவரும் அவரவர் அடுப்படியில் இருந்தபடியே பேசிக்கொள்வார்கள். "அக்கா, உப்பு இருக்கா?" என்று காளியாயி கேட்டால், சூசையம்மா எட்டிச் சுவரின் மேல் உப்புச் சிரட்டையை வைப்பாள். ராயப்பன் செத்த பிறகு அவளிடம் தினமும் பேச இருந்தது காளியாயி மட்டுமே.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடச் சொன்னபோது இரண்டு வீட்டாரும் போட்டார்கள். சூசையம்மாவுக்குத்தான் முதலில் பதில் வந்தது. கொட்டகலைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முனாப் நானாவிடம் கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவர் ஒருமுறை தமக்குள்ளே வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தள்ளிட்டாங்க சூசையம்மா. ஒங்க மாப்புள ராயப்பன் இங்க இருந்ததுக்கு அத்தாட்சி பத்தாதாம்."

அன்று சாயங்காலம் சுவருக்கு அப்பாலிருந்து காளியாயி ஆறுதல் சொன்னாள். "கவலப்படாதக்கா. எங்களுக்குக் கெடச்சிரும். நாங்க ஒன்ன விட்டுருவமா?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் 'எங்களுக்கு', 'ஒன்ன' என்று இரண்டாகப் பிரிந்து விழுந்த சொற்கள் சூசையம்மாவின் காதிலேயே நின்றன. இவர்கள் இங்கேயே இருக்க, தன்னை மட்டும் ஒருநாள் கப்பலேற்றிவிடுவார்களோ? இந்தியாவில் அவளுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. அவள் பிறந்ததே இந்த மலையில்தான்.

ஐம்பத்து நான்காம் வருஷம் காளியாயி குடும்பத்தை விசாரிக்க ஓர் அதிகாரி தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். நாற்பதாம் வருஷம், மாமியார் சாவுக்கென்று இந்தியாவுக்குப் போன அந்தக் குடும்பம் துறையூர்ப் பக்கம் சில மாதம் தங்கியிருந்தது. அது ஒரு வருஷத்துக்கு மேலே போயிருந்தால் மனு செல்லாது. தோட்டத்தின் அந்தக் காலத்துப் பேர்ப் புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டதால் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கேட்டார்கள். "எங்க அக்கா இருக்கு, அது சொல்லும்," என்று காளியாயிதான் சூசையம்மாவின் பேரைக் கொடுத்தாள்.

உள்ளே அதிகாரியும் தமிழில் கேட்டுச் சொல்லும் கிளார்க்கரும் மட்டும் இருந்தார்கள்.

"இவங்க ஊருக்குப் போயி எத்தனை மாசம் இருந்தாங்க?"

தையில் போனவர்கள் அதே வருஷம் கார்த்திகையில் திரும்பினார்கள். சூசையம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. கிளார்க்கர் பேனா முனையைத் துணியில் துடைத்தார். அவளுக்குத் தலை சுற்றவில்லை, காதில் எந்தக் குரலும் கேட்கவில்லை.

"ஒன்னர வருசம் இருக்கும்ங்க," என்றாள்.

எழுதினார்கள். கீழே பெருவிரலை வைத்தாள். வெளியே காளியாயி கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா கேட்டாங்க?" என்றாள்.

"சும்மாதான் புள்ள."

ஆறு மாதம் கழித்து, மனு தள்ளுபடி என்று ஆண்டியப்பனுக்குக் கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அதில் இருந்தது. செய்வதற்கு அவர்களிடம் வேறு அத்தாட்சி இல்லை. எங்கோ ஆபீசில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். சூசையம்மாவைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை ஹட்டனிலிருந்து சாமியார் வந்து தோட்டத்துத் தகரக் கோயிலில் பூசை வைப்பார். சூசையம்மா பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதாள். "சாத்தான் சோதிச்சிருக்கான்மா. செபம் பண்ணுங்க," என்றார் சாமியார். அவளுக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஆனால் பூசை நேரத்தில் சுவரிலிருந்த, சாத்தானை மிதித்து நிற்கும் மிக்கேல் சம்மனசு படத்தைப் பார்த்தபோது மறுபடியும் குழம்பியது. காலடியில் கிடந்த கறுத்த முகத்துக்காரனை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாள். எவ்வளவு யோசித்தும் அவனை அந்த ஆபீஸ் அறைக்குள் அவளால் கொண்டுவந்து நிறுத்த முடியவில்லை.

அடுத்த மாதம் கோயிலுக்கு வெளியே சாமியாரை மறித்தாள்.

"சாமி, அன்னைக்கு அங்க சாத்தான் வரல. நான்தான் இருந்தேன்."

சாமியார் அவள் பக்கம் திரும்பினார். "சாத்தான் இருக்கான்மா. அது பொய்யில்ல. ஆனா அவனால கேக்கத்தான் முடியும். ஆமாங்கிறதும் இல்லங்கிறதும் நம்ம கையில. ஆண்டவர் அத யார்கிட்டயிருந்தும் புடுங்குறதில்ல."

"புடுங்கியிருந்தா நல்லாயிருந்திருக்கும் சாமி."

"போயி உண்மையச் சொல்லுங்க," என்றார் சாமியார்.

பொய்ச் சாட்சிக்கு ஜெயிலில் போடுவார்கள் என்று லயத்தில் பேசக் கேட்டிருந்தாள். இரண்டு தடவை பஸ்ஸேறிப் போய், பிரஜாவுரிமை ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் தடவை உள்ளே போய்ச் சொன்னாள். அங்கிருந்தவர் கோபிக்கவில்லை. காகிதக் கட்டைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார்.

"மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்சு பதினொரு நாளாச்சே அம்மா," என்றார்.

திரும்பி வந்தவள் நேரே பீலிக்குப் போனாள். காளியாயி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் நாலைந்து பெண்கள். அவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். குடம் நிரம்பி வழிந்தது. காளியாயி அதை எடுக்கவில்லை.

"என்னக்கா பேசுற நீ?"

சூசையம்மா மறுபடியும் சொன்னாள்.

காளியாயி கிட்டே வந்து அவள் இரண்டு தோளையும் பிடித்தாள். "காத்துக்கருப்பு ஏதாச்சும் புடிச்சிருந்துச்சா? ஒங்க கோயில்ல சாத்தான் சாத்தான்ம்பீங்களே, அவன் புகுந்துட்டானா? சொல்லுக்கா. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. நான் மறந்துர்றேன். எங்க வீட்டுக்காரருகிட்டயும் நானே பேசுறேன்."

சுற்றி நின்ற பெண்களும் அவள் அதைச் சொல்லிவிட வேண்டுமென்று பார்த்தபடி நின்றார்கள். சொல்லியிருந்தால் பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடித்திருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும். சூசையம்மாவுக்கும் அதைச் சொல்லிவிடலாம் போலிருந்தது.

"இல்ல புள்ள. ஒன்னும் புகல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க இங்க இருந்துட்டு, நான் மட்டும் போயிருவேனோன்னு."

காளியாயி கையை எடுத்துக்கொண்டாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

அதன்பின் சுவருக்கு அப்பாலிருந்து அடுப்பு ஊதும் சத்தம் வரும், பிள்ளைகள் சண்டை போடுவது கேட்கும், ஆண்டியப்பன் இருமுவான். காளியாயி பேசுவது மட்டும் கேட்காது. வாயைத் திறந்தால் இந்தப் பக்கம் கேட்டுவிடுமே என்று அவள் தன் வீட்டுக்குள்ளேயே மெதுவாகப் பேசப் பழகிவிட்டாள். மலையில் கொழுந்து பறிக்கும்போது பெண்கள் சூசையம்மாவுக்கு அடுத்த தேயிலை நிரையில் நிற்க விரும்பவில்லை. பகையென்று சொல்ல முடியாது. பேய் பிடித்தவளென்றால் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. பேய் பிடிக்காமலே இப்படிச் செய்தவளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஐம்பத்தாறில் ஆண்டியப்பன் இந்தியப் பாஸ்போர்ட்டு எடுத்தான். உரிமையில்லாத இடத்தில் பிள்ளைகளை வளர்க்க அவனுக்கு மனமில்லை. அவர்கள் புறப்பட்ட காலையில் சூசையம்மா வேலைக்குப் போகாமல் கொட்டகலை ஸ்டேஷனுக்கு நடந்தாள். மேடையின் மறுகோடியில் நின்றாள். இரண்டு தகரப்பெட்டி, ஒரு பாய்ச்சுருள், கடைசிப் பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு. காளியாயி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி வண்டிக்குள் விட்டாள். ரயில் வளைவில் மறைந்த பிறகும் சூசையம்மா கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.

காலியான காம்பராவை வீரம்மா என்ற பெண்ணின் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். வீரம்மா நல்லவள். வந்த முதல் வாரமே சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். சூசையம்மா கேட்டதற்குப் பதில் சொல்வாளே தவிர, தானாக ஒரு பேச்சையும் எடுக்கமாட்டாள். தன்னைப் பற்றி வீரம்மா விசாரித்தபோது நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பிறகு அந்தக் குரலும் குறைந்துபோனது.

அறுபத்தொன்றில் முனாப் நானா அவளுக்கு ஆளனுப்பினார். காளியாயி சொல்லி யாரோ எழுதிக் கொடுத்த ஒரு கார்டு, அவர் கடை விலாசத்துக்கு வந்திருந்தது. நானா வாசித்தார். துறையூர்ப் பக்கம் தண்ணீர் உப்பு. வெயில் தாங்கவில்லை. ஆண்டியப்பன் கல்லுடைக்கப் போகிறான். மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. கீழே விலாசம். மன்னித்தேன் என்றோ, மன்னிக்கவில்லை என்றோ எதுவும் இல்லை.

சூசையம்மா மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். நானா வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பதில் போடுவமா? சுகமா இருக்கேன்டு எழுதட்டா?"

அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம் நானா. அங்க அவ்வளவு கஷ்டத்துல இருக்கா, நான் சுகமா இருக்கேன்னு எழுதக்கூடாது. தனியாத்தான் இருக்கேன்னு எழுதுங்க. கார்டு கெடச்சுச்சுன்னும் எழுதுங்க."

அவர் எழுதினார். கீழே அவள் விரல் வைத்தாள்.