பீர் அண்டாவில் பொங்கிய பால்

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. காலை மணி பத்தே கால். இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில், பத்து லிட்டர் பாலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். பால் பொங்க வேண்டும். பொங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

ஏனென்றால் அது இருந்த இடம் அப்படி... பீர் காய்ச்சும் மெஷின்!

இருங்கள், கண்டனக் கடிதம் எழுத அதற்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி வசந்திக்கு ஒரு தம்பி. பெயர் தினேஷ். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தான். பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. வந்தவை எல்லாம் ஒரே மாதிரி, மிக மரியாதையாக, 'வேண்டாம்' என்றன.

வீட்டில் சும்மா உட்கார முடியாத பையன் என்ன செய்வான்? எங்கள் பையன் ஒரு மெஷின் செய்தான்.

முன்பு பெங்களூரில் இருந்தபோது நண்பர்கள் அவனை ஒரு பப்புக்கு அழைத்துப் போனார்களாம். அங்கே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று பீர் தொட்டிகள். மற்றவர்கள் குடித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். 'இதை நாமே ஆட்டோமேட்டிக்கா செய்யலாமே' என்று அன்றைக்கே மண்டைக்குள் ஏறிவிட்டது. ஒரு கிளாஸ் பீரை முழுதாகக் குடித்து முடிக்கத் தெரியாத ஆள், அதை விசேஷமாகச் சொல்ல வேண்டும்.

"மாமா, உங்க மாடி ரூம் காலியாத்தானே இருக்கு?" என்று வந்து நின்றான். அவனும் அவன் அம்மாவும் இருப்பது முடிச்சூரில், தரைத்தளத்து ஃப்ளாட். அந்தப் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு கரண்ட் சம்பந்தப்பட்ட எதையும் தரையில் வைக்க என் மாமியார் சம்மதிப்பதில்லை.

நான் பயந்த சுபாவம். வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். வீட்டில் பீர் காய்ச்சினால் நம் ஊர்ச் சட்டப்படி குற்றம், சொந்த உபயோகம் என்று சொல்லியெல்லாம் தப்ப முடியாது என்றார். தினேஷிடம் சொன்னேன். அவன் அசரவில்லை.

"ஈஸ்ட் போட்டாத்தான் மாமா அது பீர். போடாத வரைக்கும் அது பார்லி கஞ்சி. நான் கஞ்சியோட நிறுத்திக்கறேன்."

கஞ்சிக்குச் சட்டத்தில் தடை இல்லை. மாடிச் சாவியைக் கொடுத்தேன்.

இருபது லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒன்றை வாங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டு வெல்டிங் கடையில் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே ஹீட்டர். வெளியே சின்ன பம்ப். ஆறவைப்பதற்குச் சுருள் சுருளாகத் தாமிரக் குழாய். இத்தனைக்கும் மூளையாக ஒரு கன்ட்ரோல் பாக்ஸ், அதில் உள்ளங்கை அளவு ஸ்கிரீன், ஒரு பச்சை பட்டன். ஏசிக்கு என்று போட்டு வைத்திருந்த ப்ளக்கில் அதைச் செருகினான்.

முளைகட்டிக் காயவைத்த பார்லியைத் தண்ணீரோடு போட்டு பச்சை பட்டனை அமுக்கினால் போதும். அறுபத்தைந்து டிகிரிக்கு வந்ததும் சூடு அப்படியே நிற்கும். ஒரு மணி நேரம்! பார்லியின் மாவு சர்க்கரையாக மாறுவது அந்தச் சூட்டில்தானாம். பம்ப் அதைச் சுற்றிச் சுற்றி விடும். பிறகு தானாகக் கொதிக்கும், தானாக ஆறும். எட்டு தடவை ஓட்டிப் பார்த்தான். சூடு அரை டிகிரி கூட நகரவில்லை. வந்த கஞ்சியில் வசந்தி ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

இந்த மெஷினை வீடியோ எடுத்து, ஒரகடம் பக்கம் பெரிய பெரிய தொட்டிகள் செய்யும் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்தான். அங்கேயிருந்து பதில் வந்தது. 'சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோ காலில் ஓட்டிக் காட்டுங்கள்.' ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஒரு இடத்தில் 'காட்டுங்கள்' என்று கேட்கிறார்கள். அந்த வாரம் முழுக்கப் பையன் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு ஸ்பேர் சென்சார் வாங்க தாம்பரத்தில் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனான். போகும்போது என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, "மாமா, யாரும் எதையும் தொடாம பார்த்துக்கோங்க."

ஒன்பதேகாலுக்கு என் மாமியார் வந்து இறங்கினார். கையில் குத்துவிளக்கு, சந்தனம், குங்குமம்.

"ஏன் மாப்பிள்ளை, புது அண்டால இன்னும் பாலே காய்ச்சலையாமே? வசந்தி சொன்னா. அப்புறம் எப்படி வேலை கிடைக்கும்?"

புது கார் என்றால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் நகர்த்துகிறோம். புது லேப்டாப்புக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் பாஸ்வேர்ட் போடுகிறோம். அண்டாவுக்குப் பால் காய்ச்சுவது நியாயம்தானே என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. இருந்தாலும் தினேஷின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நேரடியாக 'வேண்டாம் அத்தை' என்று சொல்ல வாய் வரவில்லை. சாமர்த்தியமாக ஒன்று சொன்னேன்.

"ஹீட்டர் முழுகணும்னா பத்து லிட்டர் ஊத்தணும் அத்தை. ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர்லாம் பத்தாது."

தடுக்கத்தான் சொன்னேன். சத்தியமாக!

"அவ்ளோதானே? வாங்கிட்டு வாங்க. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பொங்கணும்."

நாற்பது வயதைத் தாண்டி, இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் வாராவாரம் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும் நான், இரண்டு கட்டைப்பைகளில் இருபது பாக்கெட் பாலைச் சுமந்து வந்தேன். "இன்னா சார், வூட்ல கல்யாணமா?" என்றார் பால் கடைக்காரர். சிரித்து வைத்தேன்.

அண்டாவுக்கு மூன்று பொட்டு. ஸ்கிரீனுக்கு ஒன்று. பம்புக்குக்கூட ஒன்று. மாமியார் விளக்கேற்றினார். பச்சை பட்டனை அமுக்கியது யார்? நான்தான்.

பத்து மணிக்கெல்லாம் சூடு அறுபத்தைந்தைத் தொட்டது. அதோடு நின்றது. பம்ப் உறுமிக்கொண்டு, பாலைப் பார்லி கஞ்சி என்று நம்பிச் சுற்ற ஆரம்பித்தது. பத்து ஐந்து... அறுபத்தைந்து. பத்து பத்து... அறுபத்தைந்து. என் மைத்துனனின் திறமையை நினைத்து அப்போதுதான் உண்மையிலேயே வியந்தேன்.

"ஏங்க, பத்தரை ஆகப் போகுது. ஏதாவது பண்ணுங்க" என்றாள் வசந்தி. மாமியாரின் முகம் வேறு வாடிக்கொண்டே போனது. பையனுக்கு வேலை கிடைக்காது என்று ஒரு அண்டா சொன்னால் எந்தத் தாய் தாங்குவாள்?

பச்சை பட்டனை நீளமாக அமுக்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகும் என்று எப்போதோ தினேஷ் காட்டியது ஞாபகம் வந்தது. அமுக்கினேன்.

ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தது. பத்து இருபத்தைந்துக்குப் பால் ஒரு முறை முனகியது. பிறகு ஒரே எழுச்சி! அண்டாவின் விளிம்பைத் தாண்டி, மேசையில் வழிந்து, தரைக்கு இறங்கியது. வயரைப் பிடுங்கி எடுப்பதற்குள் பாதி காலி.

"கிழக்குப் பக்கமா பொங்கியிருக்கு! கிழக்குப் பக்கம்!" மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

கிழக்குப் பக்கம் பொங்கினால் ரொம்ப நல்லது. எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் கன்ட்ரோல் பாக்ஸ் இருந்தது. ஸ்கிரீன் ஒரு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது.

ஒரு மணிக்கு தினேஷ் வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பட்டனை அமுக்கினது நான்தான்பா" என்றேன். வெட்கமாக இருந்தது. என் ஒருவன் வாயில் 'வேண்டாம் அத்தை' என்ற இரண்டு வார்த்தை வராததற்கு, அவனுடைய ஐந்து மாதம் தரையில் வழிந்து கிடந்தது.

அவன் அம்மா அப்போதுதான் விஷயம் புரிந்து, துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் அவன் எழுந்துவிட்டான்.

"விடும்மா. நான் பார்த்துக்கறேன்."

பாக்ஸைக் கழற்றினான். வசந்தியின் ஹேர் ட்ரையரால் காயவைத்தான். "போர்டு தப்பிச்சுது மாமா. ஹீட்டரை ஆன், ஆஃப் பண்ற ரிலேயும் ஸ்கிரீனும்தான் போச்சு." இரண்டு மணி ரயிலில் பரிகாரமாக நான் ரிச்சி தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அக்காவும் தம்பியும் சேர்ந்து, ஹீட்டரில் கருகிப் பிடித்திருந்த பாலைச் சுரண்டி முடித்திருந்தார்கள். குழாய்க்குள் சோடா உப்பு கலந்த வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது.

தினேஷ் அண்டாவின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு தடவை ஓட்டினேன் மாமா. எல்லாத்தையும் பாதி அண்டா அளவுலதான் ஓட்டியிருக்கேன். நாளைக்கு முழு அளவு வைக்கணும். நுரை மேல வந்தா என்ன பண்றதுன்னு புரோகிராம்ல ஒரு வரி கூட நான் எழுதலை."

வசந்தியிடம் இரண்டு எவர்சில்வர் ஸ்பூன் கேட்டான். விளிம்புக்குக் கீழே ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு, இரண்டிலிருந்தும் வயர் இழுத்தான். நுரை ஏறி இரண்டையும் தொட்டால் ஹீட்டர் நிற்கும். ஆறு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. கன்ட்ரோல் பாக்ஸ் சுவருக்குப் போனது.

சனிக்கிழமை, பதினொரு மணி. ஃபோனில் வந்தவர் ஒரு மேடம், அந்தக் கம்பெனியின் சீஃப் இன்ஜினியர். அறுபத்தைந்தில் சூடு நின்றதைப் பார்த்தார். தலையாட்டினார். ஒரு மணி நேரமும் காத்திருக்கவில்லை. "ஸ்கிப் பண்ணிட்டு கொதிக்க வைங்க. நுரை வந்தா என்ன செய்வீங்க?"

தினேஷ் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான். பால், ராகு காலம், கிழக்கு... எல்லாம். போச்சு என்று நினைத்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. "எங்க டேங்குக்கும் பொட்டு உண்டு. ஆனா பாலை டம்ளர்ல வெச்சு காட்டிட்டு நாங்களே குடிச்சிடுவோம். சரி, கொதிக்கட்டும்."

கஞ்சி கொதித்தது. நுரை பழுப்பாக எழும்பி, விளிம்பை நோக்கி ஏறியது. ஸ்பூனைத் தொட்டது... டக்! ஹீட்டர் நின்றது. நுரை அப்படியே அடங்கி இறங்கியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

ஃபோனுக்குப் பின்னால் நின்றிருந்த என் மாமியாருக்கு மட்டும் பெருத்த ஏமாற்றம். அடக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"ஏன்டா தினேஷு, பொங்கவே இல்லையே?"

இப்போது மேடம் சிரித்தார். "பொங்காம பார்த்துக்கத்தாம்மா உங்க பையனைக் கூப்பிடறோம்!"

அடுத்த வியாழக்கிழமை வேலைக்கான ஆர்டர் வந்தது. மாமியாரைக் கேட்டால், எல்லாம் அந்தப் பால் பொங்கிய நேரம் என்பார். தினேஷைக் கேட்டால் ஸ்பூனைக் காட்டுவான். இரண்டையும் நான் மறுப்பதில்லை. பட்டனை அமுக்கியவன் பேசாமல் இருப்பதுதான் மரியாதை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வீட்டுக்குப் புது மெஷின் எது வந்தாலும் சரி... கிழக்குப் பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள்!