மச்சுப்படியில் மாலை போட்ட படம்

இலுப்பூர் கடலை மண்டி ரெங்கசாமியின் மகள் சொர்ணவல்லி, தன் வீட்டு மச்சுப்படியில் ஏறும்போது முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டுதான் ஏறுவாள். புதுசாகக் கட்டின வீடு, வெள்ளை மாறாத சுவர். பட்டப்பகலில் அப்படி என்ன பயம் என்று பாத்திரம் துலக்க வருகிறவள்கூடக் கேட்பாள். இருட்டுக்குப் பயந்தால் விளக்கு ஏற்றிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. படி திரும்பும் இடத்துக்கு மேலே, மாலை போட்டு, கண்ணாடியில் குங்குமம் வைத்து, அவளுடைய முகமே தொங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு நடமாடுகிற பெண்ணை அமாவாசை தவறாமல் விளக்கேற்றிக் கும்பிட்ட வீடு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் படம் அங்கே வந்த கதையைச் சொன்னால்தான் அவளுடைய பயம் விளங்கும்.

ஜெர்மன்காரன் சண்டை தொடங்கியிருந்த நேரம். ரெங்கசாமிக்கு மண்டியில் நல்ல காலம். ஓட்டு வீட்டை இடித்து மச்சு வைத்துக் கட்டினார். அரிமளத்துப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு எண்ணெய் கொடுக்கப் போனபோது, அங்கே மாடிப்படிச் சுவர் நெடுக அந்தக் குடும்பத்து ஆட்களின் படங்களை மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். ஏற ஏற ஒரு வம்சமே கூட ஏறி வந்த மாதிரி இருந்ததாம். திரும்பி வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு, பூச்சு காய்வதற்கு முன்னால் படி நெடுகக் கட்டை பதிக்கச் சொன்னார். அந்தக் கட்டையில் ஆணி அடித்தால்தான் படச் சட்டத்தின் கனம் தாங்கும்.

அவரே ஒரு முறையும் வகுத்தார். படி திரும்பும் இடத்துக்குக் கீழே உயிரோடு இருக்கிறவர்கள், அதற்கு மேலே, போய்ச் சேர்ந்தவர்கள். கீழே அவர் தலைப்பாகையோடு உட்கார்ந்த படம், அவருடைய தங்கை சின்னப்பிள்ளையின் புருஷன் சிலோனிலிருந்து அனுப்பிய படம், மாட்டுத்தாவணிச் சந்தையில் பரிசு வாங்கிய மயிலைக் காளையின் படம். காளை மேலா, பக்கத்தில் நின்றவர் மேலா, யார் மேல் கேமரா வைத்தார்கள் என்று தெரியாது, காளைதான் தெளிவாக விழுந்திருந்தது. மேலே அவருடைய அய்யாவை எழுதிவைத்த சித்திரம். அதற்கும் மேலே, எல்லோருக்கும் உச்சியில், ஓர் ஆணி மட்டும் வெறுமனே நின்றது.

அது அவர் பெண்சாதி மூக்காயிக்கு. வாந்திபேதியில் ஒரே நாளில் போனவள். அவளுக்குப் படமே இல்லை. நிழலைப் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவள், கேமராப் பெட்டியைக் கண்டால் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். படம் பிடிக்காமலே ஆயுசு குறைந்துபோனது. அவர் அந்த ஆணியை நிமிர்ந்து பார்த்தபடியே படியேறுவார், அப்படியே இறங்குவார்.

புதுக்கோட்டையிலிருந்து ஆத்மநாதன் என்கிற போட்டோக்காரர் வந்தார். ஆள் இல்லாமல் படம் எப்படி எடுப்பது என்று பேச்சு ஓடும்போது, சொர்ணவல்லி காப்பி கொண்டுவந்தாள். போட்டோக்காரர் டம்ளரை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"இது யாருங்க?"

"எம் மக."

"அவங்க ஆத்தா சாயலோ?"

சின்னப்பிள்ளை முந்திக்கொண்டாள். "சாயலா? அப்படியே உரிச்சு வச்சிருக்கு. பேசாம நின்னா எங்க மதினி. வாயத் தொறந்தாத்தான் எங்கண்ணன்."

"அப்பக் கவலைய விடுங்க. அவங்க சேலையக் கட்டி உக்கார வைங்க. வயச நான் ஏத்திக்கிறேன். நெறைய வீட்டுக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்."

சொர்ணவல்லிக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆத்தாளைப் பார்க்கலாம் அல்லவா. பெட்டியிலிருந்து கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கட்டினார்கள். ஆத்தா கொசுவம் வைக்கிற மாதிரியே வைத்தார்கள். காதோரத் தலைமுடியில் விபூதியைத் தடவினார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாத தாயி. மூச்சையும் விடாத. நான் சொல்ற வரைக்கும்" என்றார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில்தான் நெஞ்சுக்குள் முதல் முறையாக ஏதோ சில்லென்று ஓடியது.

படம் சட்டம் போட்டு வந்தது. வாயோரத்தில் கோடு, காதில் தொங்கும் தண்டட்டி, எல்லாம் பென்சில் வேலை. சொர்ணவல்லியின் காது இந்தக் காலத்துக் காது, தண்டட்டி போட வளர்த்த காது இல்லை. ஆனாலும் படத்தில் இம்மி பிசகாமல் தொங்கியது. சின்னப்பிள்ளை "மதினி" என்று வாயில் துணியை வைத்துக்கொண்டாள். ரெங்கசாமி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சொர்ணவல்லி மட்டும் இடது புருவத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் கதவு நிலையில் முட்டிக்கொண்ட தழும்பு. போட்டோக்காரர் அதை அழிக்க மறந்துவிட்டார். ஆத்தாவுக்கு அங்கே தழும்பே கிடையாது. மேலே ஏறி உட்கார்ந்திருப்பது ஆத்தா இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

அந்தக் காலத்துப் படங்களைச் சுவரோடு ஒட்ட மாட்டமாட்டார்கள். அடியில் கட்டை கொடுத்து, தலையை முன்னுக்குச் சாய்த்து மாட்டுவார்கள். உச்சியில் இருந்த அந்த முகம் படியேறுகிறவர்களைக் குனிந்து பார்த்தது. அமாவாசை வந்தது. சின்னப்பிள்ளை கண்ணாடியில் குங்குமம் வைத்து, மாலை போட்டு, "விழுந்து கும்புடு தாயி" என்றாள். சொர்ணவல்லி விழுந்தாள். எழுந்தபோது, கண்ணாடியில் பொட்டு வைத்த அதே இடத்தில் தன் நெற்றி சில்லிட்டிருந்த மாதிரி இருந்தது. அன்று சாயந்திரம் காய்ச்சல். பயந்த காய்ச்சலோ பருவத்துக் காய்ச்சலோ, யார் கண்டது. சின்னப்பிள்ளை மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். ஆனால் படத்தை இறக்கச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

காய்ச்சல் விட்டதும் சொர்ணவல்லி அப்பனிடம் போனாள். அவர் படத்துக்கு முன்னால்தான் நின்றிருந்தார். மண்டிக்குப் போகுமுன் அன்றாடம் அங்கே நின்று, இன்றைக்குக் கடலை வரத்துக் குறைவு, மழை வரும்போல் இருக்கிறது என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்.

"அய்யா, அத எறக்கிருங்க. எனக்குப் பயமா இருக்கு."

"ஒங்காத்தாள எறக்கச் சொல்றியா?"

"அது நாந்தானே அய்யா."

ரெங்கசாமி மகளைப் பார்க்கவே இல்லை. "எனக்கு அவதான் தெரியிறா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்கு மேல் அவள் எப்படி வாதாடுவாள்? கோபித்திருந்தால்கூட எதிர்த்திருப்பாள்.

மறு தை மாதம் குளத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீரய்யா, கிணற்றுப் பாசனமும் சொந்த ஏரும் உள்ள வீடு. மாரியம்மன் திருவிழாவில் ஒரு முறை அவனைப் பார்த்திருந்தாள். மனசுக்குப் பிடித்திருந்தது. கஷ்டமே அதுதான். பிடிக்காத இடமாக இருந்தால் எதையும் துணிந்து சொல்லிவிடலாம்.

பரிசம் போடும் நாளைக் குறித்தார்கள். ரெங்கசாமி ஏற்பாடு சொன்னார்: வருகிறவர்கள் மச்சில் உட்கார வேண்டும், படியேறும்போது எல்லாரையும் காட்ட வேண்டும், உச்சியில் பெண், தன் ஆத்தாளுக்கு விழுந்து கும்பிட்டுவிட்டுச் சபைக்கு வர வேண்டும்.

சின்னப்பிள்ளை சொர்ணவல்லியைத் தனியே இழுத்துப் போனாள். "இந்தாரு, போட்டோ சமாச்சாரம் அவங்க காதுக்குப் போகக் கூடாது. மாலை போட்ட பொண்ணுன்னு தெரிஞ்சா எந்த வீட்லயும் அடி எடுத்து வைக்க விடமாட்டாக. ஒரு தடவ விழுந்து எந்திரி. பொறவு நீ குளத்தூருக்குப் போயிருவ."

"நான் போயிருவேன் அத்தை. படம் இங்கதானே இருக்கும். மாசாமாசம் நீங்க மாலை போடுவீங்க. நான் அங்க புள்ள பெறணும்."

"வாய மூடிட்டு இரு" என்றாள் சின்னப்பிள்ளை.

மாப்பிள்ளை வீட்டுச் சபை வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. மாப்பிள்ளையின் ஆத்தா செவந்தி நல்ல வாட்டசாட்டமான பொம்பளை, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினாள். ரெங்கசாமி ஒவ்வொரு படத்தையும் காட்டி வந்தார்.

"இந்தக் காளை யாரு பக்கத்து சொந்தம் அண்ணே?" என்றாள் செவந்தி. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். ரெங்கசாமியும் சிரித்தார். உச்சிக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் குரல் இறங்கியது.

"இது எங்க வீட்ல."

செவந்தி படத்தைப் பார்த்தாள். படத்துக்கு அடியில் பட்டுச்சேலையில் குனிந்து நின்ற சொர்ணவல்லியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"சாயல் வரும், கண்டிருக்கேன். புருவத்துத் தழும்புமா ஆத்தாகிட்ட இருந்து வரும்?"

"ஆமாக்கா," என்றாள் சின்னப்பிள்ளை, மூச்சு விடாமல். "எங்க மதினிக்கும் அதே எடத்துல அடிபட்டுருச்சு. அதிசயம்தான். தாயி, விழுந்து கும்புடு, நேரமாகுது."

படி நெடுக ஆட்கள். மேலே சபை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். குனிந்தால் முடிந்தது. சொர்ணவல்லி கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கச் சொன்ன அன்றைக்கு இருந்த மாதிரியே கண் இருட்டியது. இந்தத் தடவை அவள் அடக்கவில்லை.

"அது எங்காத்தா இல்ல," என்றாள். "நாந்தான். ஆத்தா சேலையக் கட்டி என்னைய எடுத்தாக. எனக்கே நான் விழுந்து கும்புட மாட்டேன்."

மேலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் அழகுமலை எட்டிப் பார்த்தார். "என்னது, உசுரோட இருக்குற பொண்ணுக்கா மாலை? தங்கச்சி, எறங்கு. வண்டியப் பூட்டச் சொல்றேன்."

"வாயாலயே கெடுத்துட்டியேத்தா" என்றார் ரெங்கசாமி. சத்தம் போடவில்லை. சின்னப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

செவந்தி இறங்கவில்லை. அந்தப் படியிலேயே சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் மேலே இருந்தவர்கள் இறங்க வழியில்லை, கீழே இருந்தவர்கள் ஏற வழியில்லை.

"சும்மா இருண்ணே. எனக்கு மூச்சு வாங்குது," என்று அழகுமலையை அடக்கினாள். பிறகு சொர்ணவல்லியிடம் திரும்பினாள். "எத்தன அமாவாசையா இது நடக்குது?"

"படம் மாட்டுனதுல இருந்து."

"அம்புட்டு நாளும் நீ சும்மாவா இருந்த?"

"எறக்கச் சொன்னேன் அத்தை. எங்கய்யா அதுகூடப் பேசுறாக. அதப் பாத்துட்டு எப்படிப் பிடுங்கச் சொல்றது?"

செவந்தி ரெங்கசாமியை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, பொய் சொல்லி எங்கள ஏத்திட்டீங்க. ஒங்க மக உண்மையச் சொல்லிட்டா. பொண்ணு வேணுமா வேணாமான்னு நான் பொறவு சொல்றேன். மொதல்ல அத எறக்குங்க. இவ உசுரோட இருக்கா. இருக்குறவுக வரிசையில வைங்க. ஒங்க கையால செய்யணும். அதுவரைக்கும் நான் ஏறவும் மாட்டேன், எறங்கவும் மாட்டேன்."

சின்னப்பிள்ளை பதறினாள். "பரிசத்தன்னிக்குப் பொட்ட அழிக்கிறதாக்கா?"

"யாரு அழிக்கச் சொன்னா? கண்ணாடியில இருக்குற குங்குமத்த எடுத்து அவ நெத்தியில வையுங்க. அது போக வேண்டிய எடம் அதுதானே."

ரெங்கசாமி படத்துக்கு முன்னால் நின்றார். கை தூக்கினார், இறக்கினார். மூக்காயி போன அன்று அழாத மனிதர். வைத்தியரைத் தேடி அலைந்ததில் அழ நேரமே கிடைக்கவில்லை. இப்போது சபை பார்க்கத் தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நேரம் போயிற்று. மாடு மணியசைக்கிற சத்தம் கீழே தெருவிலிருந்து கேட்டது. செவந்தி அசையவில்லை.

"இதையும் எடுத்துட்டா, அவ எங்கத்தா இருப்பா?" என்று மகளிடம் கேட்டார். சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"ஆணி இருக்கட்டும் அய்யா. மாலைய ஆணிக்குப் போடுங்க. ஆத்தாதான் படமே வேணாம்னுச்சே."

அவர் மாலையைக் கழற்றினார். பெருவிரலால் கண்ணாடியில் இருந்த குங்குமத்தை வழித்து மகளின் நெற்றியில் வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. படத்தை இறக்கி, செவந்தி ஒதுங்கிக் கொடுத்த இடுக்கில் கீழே போய், சிலோன் படத்துக்கும் காளைக்கும் நடுவில் மாட்டினார். பிறகு திரும்ப ஏறிவந்து, மாலையை வெறும் ஆணியில் தொங்கவிட்டார். சொர்ணவல்லி அந்த ஆணிக்கு விழுந்து கும்பிட்டாள். இந்த முறை நெற்றி சில்லிடவில்லை.

செவந்தி கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். "சரி, தட்ட மாத்தலாம். எங்கிட்டப் பொய் சொல்லாத மருமக கெடைக்கிறது லேசில்ல. படத்துல அந்தத் தண்டட்டிக் காது மட்டும் இன்னும் பொய்யாவே இருக்கு. போட்டோக்காரர வரச் சொல்லி அழிக்கச் சொல்லுங்க."

காது அழியவில்லை. அழித்தால் கழுத்தும் போய்விடும் என்று ஆத்மநாதன் கையை விரித்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து வண்டி ஏறும்போது ரெங்கசாமி கேட்டார்: "அந்தப் படத்த இங்கனயே வச்சுட்டுப் போத்தா. கீழதானே இருக்கு." சொர்ணவல்லி மாட்டேன் என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் மாட்டேன் என்றாள். சேலைக்குள் சுற்றிக் குளத்தூருக்குக் கொண்டுபோய், முதல் பிள்ளை பிறக்கிற வரைக்கும் நெல் குதிருக்குள் கவிழ்த்து வைத்திருந்தாள். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்ததும் எடுத்துத் துடைத்துச் சுவரில் மாட்டினாள். குளத்தூர் வீட்டுக்கு மச்சு கிடையாது. கை எட்டுகிற உயரத்தில் தொங்கியது. சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் இலுப்பூருக்கு வரும்போதெல்லாம் ஒரு காரியம் செய்வாள். யாரும் அதைச் சொல்லித் தரவில்லை, யாரிடமும் அவள் சொன்னதும் இல்லை. வண்டியை விட்டு இறங்கியதும் பிள்ளையைச் சின்னப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை விலக்கி, நேரே மச்சுப்படி ஏறி, அந்த ஆணிக்கு அடியில் போய்த் திரும்பி நிற்பாள். ரெங்கசாமி படியின் அடியில் வந்து நின்று நிமிர்ந்து பார்ப்பார். முன்பு படத்திடம் சொன்ன மாதிரியே, கடலை வரத்துக் குறைவு, மழை இல்லை என்று நாலு வார்த்தை சொல்வார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அவள் அங்கேயே நிற்பாள். பிறகு இறங்கி வந்து, குடிக்க ஒரு செம்புத் தண்ணீர் கேட்பாள்.