ஹபீப் பாயின் முதல் கேள்வி

ஹபீப் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் ஆறுமுகத்தின் உரக்கடையில், கம்ப்யூட்டர் முன்னால் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மனிதர் போனை எடுக்கவே இல்லை. கடைசியில் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. “இப்பத்தான் விடிஞ்சுதா பாய்?” என்றேன். பேசியது அவர் மைத்துனர். “மச்சான் போயிட்டாருங்க. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.”

அவரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். கூட்டாளிகள் இருவரில் சிடுசிடுப்பவன் நான், சிரிப்பவர் அவர். வேலை என்று வந்துவிட்டால் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. இதை எழுதும்போதுகூட ஐந்தாறு முறை எழுந்து கடை வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு வல்லத்தில் நடந்துகொண்டிருந்தது இதுதான். ஆறுமுகத்தின் கம்ப்யூட்டரில் பிரவுசர் தானாக அப்டேட் ஆகியிருந்தது. அதிலிருந்து மஸ்கட்டில் இருக்கும் மகன் அனுப்பும் மெயில்கள் மட்டும் காலியாகத் தெரிகின்றன. கம்பெனிக்காரர்கள் அனுப்புவதெல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. அப்பனும் மகனும் பொங்கலுக்கு முட்டிக்கொண்டதிலிருந்து போனில் பேசுவதில்லை, மெயில்தான். ‘நிலத்தை விற்றுவிடட்டுமா’ என்று இவர் கேட்டு எழுதியிருக்கிறார். பதில் என்று வந்ததெல்லாம் வெள்ளை. நிலம் வாங்குகிறவர் அட்வான்ஸோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்” என்றேன்.

“அவனும் போட மாட்டான், நானும் போட மாட்டேன். வெறுங்காகிதம் அனுப்புறான் பாருங்க. பெத்தவனுக்கு இன்னா மரியாத இது? இன்னிக்கு மொத்தத்தையும் வித்துட்டு, இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு எழுதிடறேன்.”

நான் செய்யாத வைத்தியம் இல்லை. சேமித்து வைத்த பழைய பக்கங்களை அழித்தேன். கூடுதலாகச் சேர்த்திருந்த வசதிகளை ஒட்டுமொத்தமாக நிறுத்தினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். வேறொரு பிரவுசரில் திறந்தால் அதிலும் வெள்ளை. ‘உங்கள் பையன் காலியாகத்தான் அனுப்புகிறான்’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த போன் வந்தது.

“பாய் போயிட்டாரு. நான் திரும்பி வர்ற வரைக்கும் அட்வான்ஸ் வாங்காதீங்க” என்று ஆறுமுகத்திடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். “பாயா? நம்ம பாயா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாயின் வேலை முறையே எனக்கு எரிச்சல். முதலில் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். கைகளை அக்குளில் கட்டிக்கொண்டு, “இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?” என்று ஆரம்பிப்பார். ஒருமுறை அவலூர்பேட்டை அரிசி மண்டியில் கணக்கெழுதும் அம்மா, மெயில் அனுப்பும் பொத்தானையே காணோம் என்று அழாத குறையாக நின்றார். பிரவுசரையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட நான் மவுஸைப் பிடித்துவிட்டேன். “கைய எடுப்பா. அவங்க இன்னும் சொல்லி முடிக்கல” என்றார் பாய். அந்த அம்மா நிதானமாகச் சொல்லச் சொல்ல, முதல் நாள் எழுத்து பொடியாக இருக்கிறதென்று மகள் பெரிதாக்கிக் கொடுத்தது வெளியே வந்தது. பக்கம் பெருத்து, பொத்தான் திரைக்கு வெளியே போயிருந்தது. திரும்பும் வழியில் நான் முணுமுணுத்ததற்கு, “மெசினுக்கு வாய் கிடையாது. அவங்களுக்கு இருக்குது. கேட்டா இன்னா கொறஞ்சி போவுது?” என்றார்.

கொறஞ்சி போகாமல் என்ன? நேரம் போகும். மெயில் பக்கம் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்று வந்தவர், மச்சினன் கல்யாணம் நின்றுபோன கதை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். பாய் எல்லாவற்றுக்கும் உச்சுக் கொட்டுவார். அங்கே அடுத்த ஆள் காத்திருக்க, நான் உள்ளே குறுக்கும் நெடுக்கும் நடப்பேன்.

அவரை அடக்கம் செய்த கபர்ஸ்தானிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். ஒருவர் பக்கத்தில் வந்து, ரொம்ப வருத்தம் என்று சொல்லிவிட்டு, பாயிடம் கொடுத்த தன் லேப்டாப் எப்போது கிடைக்கும் என்று விசாரித்தார். பாயாக இருந்தால் சிரித்திருப்பார். எனக்கு ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மூன்று பிடி மண் போட்டேன். கையைத் தட்டிவிட்டு நிமிரும்போது பொட்டில் அடித்தது போலிருந்தது: காலையிலிருந்து ஆறுமுகத்திடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

வல்லத்துக்கு எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. பொழுது சாய்ந்திருந்தது. அட்வான்ஸ் கட்டு மேஜைமேல் இருந்தது. ஆறுமுகம் இன்னும் அதைத் தொடவில்லை.

“முன்னாடி எப்படி இருந்துச்சு?”

“எது?”

“மெயில் பக்கம். அப்டேட் ஆவறதுக்கு முன்னாடி.”

“கறுப்பா இருக்கும். கண் ஆபரேசன் ஆனதிலருந்து வெள்ளயப் பாத்தா கூசுதுன்னு சொன்னேன். பாய்தான் கறுப்பா மாத்திக் குடுத்தாரு. இப்ப அது போயிடுச்சு. நீங்க அவசரமா இருந்தீங்களா, அதான் சொல்லல.”

மகன் போனில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக அடித்து, அதை அப்படியே மெயிலில் ஒட்டி அனுப்புகிறான் என்று அப்போதுதான் புரிந்தது. பாய் வைத்த கறுப்பில் அது பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அப்டேட் அந்தக் கறுப்பை எடுத்துவிட, வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து. பழையபடி கறுப்பாக்கினேன். எழுத்து எழுந்து வந்தது.

“நைனா, விக்கிறதுன்னா வித்துக்க. எனக்குக் கோவம் இல்ல. கெணத்துப் பக்கம் மட்டும் விட்டு வை, நான் வர்றேன்.”

அதற்கு அடுத்த மெயில்: “நைனா, ஏன் பதில் போடல?”

ஆறுமுகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு பெஞ்சில் இருந்தவரிடம், “இன்னிக்கு வேணாங்க, எடுத்துட்டுப் போங்க. பையன்கிட்டப் பேசிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். இதைப் பாயிடம் சொல்ல வேண்டும் என்று மனம் பரபரத்தது. சொல்ல ஆள் இல்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி நூர்ஜகான் அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லாம், தைரியமாக இரு, அல்லா பார்த்துக்கொள்வான், பிள்ளைகளை நினைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது; எழுந்து ஓடிவிடத்தான் கால் துடித்தது. கைகளை அக்குளில் கட்டிக்கொண்டேன்.

“அண்ணி, கடை போடறதுக்கு முன்னாடி பாய் எப்படி இருந்தாரு?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்பவா? அப்ப அவருக்கு இவ்ளோ பொறுமையெல்லாம் ஏது? உங்களவிட மோசம்” என்று ஆரம்பித்தார். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் பேசினார். நடுவில் ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். அண்ணி பேசி முடிக்கும் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.