ஆள் ஜம்மென்று இருக்கிறாரே!

எங்கள் வக்கீல் கெட்டவர் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்திருப்போம்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். வடக்கே மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து வலது முழங்கால் நொறுங்கிப்போனது. வேலையிலிருந்து அனுப்பும்போது டாக்டர்கள் கூடி உட்கார்ந்து, ஊனம் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். இந்த மனுஷன் அவர்கள் முன்னால் விறைப்பாக நின்று, "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர்களும் குறைத்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் கணக்குக்கு ஊனத்துக்கான பென்ஷன் கிடையாதாம். எங்கள் ஊரான எரியோட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. மடக்கவே முடியாத காலை வைத்துக்கொண்டு அவர் அதில் என்ன பாடுபடுவார்? பென்ஷன் வந்தால்தான் பிள்ளைகள் படிக்க முடியும் என்ற நிலைமை.

மறுபடியும் டாக்டர்கள் பார்க்கவேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம் என்றார்கள். அதற்குத்தான் திண்டுக்கல்லில் இந்த வக்கீலைப் பிடித்தோம். போனால், "நகல் வரணும்மா" என்பார். அடுத்த முறை, "கோர்ட் லீவும்மா." அதற்கடுத்து, "இதுக்கெல்லாம் மெட்ராஸ் போகணும்மா, அவசரப்படாதீங்க." எங்கள் தோட்டத்துக் கத்திரிக்காயும் முருங்கையும் அவர் வீட்டு அடுப்பில் எத்தனையோ தடவை வெந்தன. மனு மட்டும் வேகவில்லை. மதுரைக்கே ஹைகோர்ட் கிளை வந்தபோது, இனி என்ன சாக்குச் சொல்லுவார் பார்ப்போம் என்று சந்தோஷமாகப் போனேன்.

"பார்ப்போம்மா. ஆளு ஜம்முனு இருக்காரே, அப்புறம் என்ன?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. அப்போதுதான் விஷயமே புரிந்தது. வக்கீல் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அதற்குள் என் வீட்டுக்காரர் ஏறிப்போய் உட்கார்ந்திருப்பார். வக்கீல் தலை தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து அட்டென்ஷனில் நிற்பார். வக்கீல் பார்த்ததெல்லாம் அந்த அட்டென்ஷனை மட்டும்தான்.

அடுத்த தடவை போனபோது இவரை நகல் எடுக்கச் சொல்லி ஜெராக்ஸ் கடையில் நிறுத்திவிட்டு, எதிரே டீக்கடை ஓரம் காத்திருந்தேன். வக்கீல் ஸ்கூட்டரை நிறுத்தியதும் வழியை மறித்தேன்.

"சார், செத்த நேரம் இங்கன நில்லுங்க. ஒரு டீ குடிங்க."

"என்னம்மா, என்னைக்கும் இல்லாம?"

"குடிங்க சார்."

நகலை வாங்கிக்கொண்டு, வக்கீல் இன்னும் வரவில்லை என்று நினைத்து, கடையை ஒட்டித் தெருப்பக்கமாக இருந்த மாடிப்படியில் இவர் ஏற ஆரம்பித்தார். இடது காலை வைப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுப்பார், நிற்பார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்து, உச்சிக்குப் போய், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு ராஜா மாதிரி உள்ளே போனார்.

வக்கீல் கையில் டீ அப்படியே இருந்தது. "எப்பவும் இப்பிடித்தானா?" என்று கேட்டார்.

"ஆமா சார். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் முன்னாடியே ஏறிருவாரு. எனக்குப் பார்த்துப் பார்த்து வயிறு எரியுது."

மேலே போனதும் இவர் வழக்கம்போல எழுந்திருக்கப் போனார். வக்கீல் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "எனக்காக எந்திரிக்காதீங்க. டாக்டருக முன்னாடியும் இப்பிடி நின்னீங்கன்னா, நான் எந்தக் கோர்ட்டுக்குப் போயும் பிரயோசனம் இல்லை" என்றார். அந்த மாதமே மனு மதுரைக்குப் போனது. மறுபரிசோதனைக்கு உத்தரவும் வந்தது.

சென்னை ராணுவ ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகும்போது வழியெல்லாம் சண்டை.

"அங்க போயி விறைச்சுக்கிட்டு நிக்காதீங்க."

"ஆபீசர் முன்னாடி நொண்டியா நடிக்கச் சொல்றியா?"

"ஏங்க, நடிக்கவா சொல்றேன்? நடிக்காதீங்கங்கிறேன்!"

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். மறுபடியும் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். வராந்தா முழுக்கச் சீருடைக்காரர்கள். அவர்கள் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்தபடியே வந்தார்.

"உக்காந்து எந்திரிக்கச் சொன்னாங்க. முடியலைன்னுட்டேன்" என்றார். "ஏன்யா முன்னாடியே சொல்லலைன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல சார்னேன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வலி என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அத்தனை பேர் நடுவே கேவிக் கேவி அழுதேன்.

பென்ஷன் உத்தரவு மறுவருஷம் வந்தது. அதையும் வக்கீல் ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்துவிட்டுத்தான் சொன்னார். திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் தெருவில் நாலு பேர் நிற்கும்போதே இவர் உள்ளே பார்த்துக் கத்துகிறார்: "ஏ புள்ள, காலு வலிக்குது, அந்தத் தைலத்தை எடு!" அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.