பருந்தும் ஸலவாத்தும்

மாரி மழைக்கு முன், ஒக்டோபர் மாதத்தில், வடக்கிலிருந்து வரும் பருந்துகள் எங்கள் வயல்வெளிகளுக்கு மேலாகத் தெற்கே போகின்றன. சம்மாந்துறைக்கு அப்பால் உள்ள ஒரு கல்மலையின் உச்சியில் அமர்ந்து அவற்றை எண்ணுவது சில வருடங்களாக என் வழக்கம். தனிமை வேண்டும் வேலை அது. தனிமை ஒன்றுதான் எனக்கு அங்கே ஒருநாளும் வாய்த்ததில்லை.

ஒரு பெண் தனியாக மலையேறுவதா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் கண்ட தீர்வு, கணவரும் அவருடைய மூத்த சகோதரியும் கூட வருவது. மதினி வந்தால் சோறு வரும். சோற்றோடு பாய் வரும். பாயை விரித்தால் கணவர் படுத்துவிடுவார்.

சென்ற வருடம் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. பல இடங்களின் எண்ணிக்கைகளைத் தொகுப்பவர்கள், விடிந்ததிலிருந்து நண்பகல்வரை இடைவெளியின்றி எண்ணிய ஒரு முழுக் காலையின் கணக்கை அனுப்பினால் எங்கள் மலையையும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்வதாகக் கூறியிருந்தனர். மழை தொடங்கினால் மலையடிக்குப் போகும் வண்டிப்பாதை சேறாகிவிடும். எனக்குக் கிடைத்தது ஒரேயொரு சனிக்கிழமைக் காலை.

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணுவதற்கு, மதினி உம்ராப் பயணத்திலிருந்து கொண்டுவந்து தந்த தஸ்பீஹ் கவுண்டரைப் பயன்படுத்தினேன். மோதிரம்போல் விரலில் மாட்டி, ஓத ஓதப் பொத்தானை அமத்தி எண்ணுகிற அந்தச் சிறு கருவி இப்போது எங்கள் ஊரில் இல்லாத வீடில்லை. ஒரு பருந்து தெற்கே தெரியும் குளக்கட்டைத் தாண்டிய பிறகே அமத்துவேன். வட்டமடித்துத் திரும்பும் பறவையை இருமுறை எண்ணிவிடக் கூடாதல்லவா?

வெயில் ஏறியதும், தொலைநோக்கியின் கண்ணாடியில் படிந்த வியர்வையைத் துடைக்கக் கவுண்டரைக் கழற்றிப் பாயில் வைத்தேன். அந்நேரம் பார்த்து ஒரு கூட்டம் வந்தது. அவை குளக்கட்டைத் தாண்டாமல் நெடுநேரம் சுற்றிச் சுற்றி மேலேறின. நானும் கண்ணெடுக்காமல் நின்றேன். கடைசியில் அவை தெற்கே சரிந்தபோது பாயை நோக்கிக் கையை நீட்டினேன். கவுண்டர் அங்கே இல்லை. அது மதினியின் விரலில் இருந்தது. உதடும் பெருவிரலும் அசைந்துகொண்டிருந்தன.

“மதினி, என்ன செய்றீங்க?”

“நபி மேல ஸலவாத்து ஓதுறன் புள்ள. இது சும்மாதானே கிடந்திச்சி.”

“அதில பருந்துக் கணக்கு இரிக்கி!”

“ஓம், தெரியும். அதான் அழிக்கல்ல. உங்கட கணக்குக்கு மேலதான் ஓதினன்.”

கணவர் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்தார். “எத்தின ஓதின நீங்க ராத்தா? அதக் கழிச்சா சரிதானே.”

“நூறு ஓதுவம் எண்டுதான் தொடங்கினன். இடையில நீ தேத்தண்ணி கேட்டாய். மறுகா எங்க விட்டனெண்டு தெரியா.”

“அப்ப நூறு எண்டு வைங்க.”

“ஸலவாத்தில பொய்க்கணக்கு வைக்கச் சொல்றியாடா?” என்று அவரை அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். “ரெண்டொரு பருந்துக்கும் அமத்தினன் புள்ள. நீங்க காணாம விட்டிருவீங்க எண்டு.”

நினைவில் வைத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே நான் நம்பிய அந்தக் கவுண்டரின் சிறு திரையில், பருந்துகளும் ஸலவாத்துகளும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிக் கிடந்தன. கவுண்டரை வாங்கிப் பைக்குள் போட்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்த ஒருவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதற்கில்லை.

“ஒரு கணக்கப் போட்டு அனுப்புங்களன்,” என்றார் கணவர், இறங்கும் வழியில். “பருந்து வந்து இல்லையெண்டு சொல்லவா போகுது?”

அந்தக் காலை முழுமையாக எண்ணப்படவில்லை என்றே எழுதி அனுப்பினேன். அப்படியானால் மலையைச் சேர்ப்பதற்கில்லை என்று மரியாதையான பதில் வந்தது. ஒரு வாரம் நான் மதினி வீட்டுப் பக்கமே போகவில்லை. அவரே வந்தார்.

“அந்த மலையால பருந்து போறதில்ல எண்டா சொல்றாங்க?”

“அப்படியில்ல மதினி. கணக்கு இல்ல எண்டுதான்.”

“என்னகா கணக்கு? நாங்க கண்டமே!”

அவர் ஒருநாளும் தொலைநோக்கியைக் கேட்டதில்லை. சோற்றையும் தம்பியையும் தவிர அந்த மலையில் எதையும் அவர் பார்த்ததாக நான் நினைத்ததுமில்லை. கோபத்தை வைத்துக்கொள்ள அதற்குப் பிறகு எனக்கு இடம் இருக்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இந்த வருடமும் மழை இன்னும் தொடங்கவில்லை. நாளைக் காலை மறுபடி ஏறுகிறோம். சற்று முன் மதினி சுருட்டிய பாயோடு வந்து வாசலில் நின்றார்.

“அந்தக் கவுண்டர மட்டும் என்ட கண்ணில காட்டாதீங்க புள்ள,” என்றார். “நான் விரல்ல எண்ணி ஓதிக்கிறன்.”